எந்த மாட்டுக்கு எத்தனை புண்ணாக்கு?

வா சாமி, வா. காரைக் கொண்டாந்து வாசப்படி மேலயே ஏத்திப்போட்டயாக்கும். செரி, அதைப் பொறகு பாத்துக்கலாம். கட்டல்ல உக்காரு. அப்பத்தா மோர் கொண்டாருவா.

மூஞ்சி ஏன் சுண்டிக் கெடக்குது? பெங்களூருல இருந்து ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்த அலுப்பா? அதில்லையா? பெருமாநல்லூருல இருந்து நம்மூரு வரைக்கும் டவுன் பஸ்ஸுக்குப் பொறத்தாலயே ஊந்துக்கிட்டு வந்தயா? பஸ்ஸு நெறையப் பொம்பளைங்களா? அத்தனை பேருக்கும் காசில்லாத டிக்கெட்டா? அட, அதுக்கா கண்ணு இத்தன வெசனம்!

"இனாம் குடுத்துக் குடுத்தே நாட்டைக் கெடுத்துப்போட்டாங்க அப்பாரு. காட்டு வேலைக்கு ஆளில்ல, கார் வெச்சிருக்கறவங்க ஊட்டுலகூடப் பொம்பளைங்க மாசம் ஆயரம் ரூவா உரிமைத்தொகை வாங்கறாங்க. இந்தக் காசை எல்லாம் தொழிலுக்கும் ராணுவத்துக்கும் போட்டிருந்தா நாம எங்கியோ போயிருப்போமுங்க"ன்னு சொல்றே. நல்ல பேச்சு. மூச்சு உடாமச் சொன்னதுல எனக்கே ஒரு நிமிசம் நெஞ்சு பொக்குனு போச்சு. இது நீயா ரோசனை பண்ணுனதா, செல்லுல வந்ததா?

எனக்கு உன்னையாட்டப் படிப்பு இல்ல. பேக்கரில ஓசிப் பேப்பர் படிக்கிற கெழவன். ஒரு டீ வாங்கிட்டு நாலு பேப்பர் படிப்பேன். நாலாவது பேப்பர் முடியறதுக்குள்ள நாக்கு வறண்டுபோயி இன்னொரு டீயும் ஒரு தேங்காய் பன்னும் ஆயிப்போகும். பேக்கரிக்காரன் அந்தப் பேப்பருக்குக் காசு வாங்குனதே இல்ல. அவன் எனக்கு இனாம் குடுக்கறானா, யாவாரம் பண்றானான்னு இருவது வருசமா எனக்குத் தெரியல. அவனுக்குத் தெரியும்.

நீ காலேஜுல சேரறப்ப முதல் பட்டதாரின்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கினமே, ஞாபகம் இருக்குதா? குடும்பத்துல முன்ன பின்ன ஒருத்தரும் டிகிரி முடிக்கலைன்னா படிப்புக் கட்டணத்தைக் கவருமெண்டே கட்டீரும். உங்கொப்பன் பத்தாவதுல பெயிலானது நம்ம குடும்பத்துக்கு லாபமானது அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். வி.ஏ.ஓ. ஆபீஸ் திண்ணையில மூணு நாள் நான் உக்காந்திருந்தேன். அது இனாமா சாமி? இல்லையா? "கல்விக்குப் போட்ட முதலீடு"ங்களா? செரி. தீவாளிக்கு உன்ற கம்பெனில ஒரு மாசச் சம்பளத்தை எச்சாப் போடறானே, அது? ஊக்கத்தொகை! பாரு, பேரெல்லாம் எத்தனை அழகா இருக்குது. உனக்கு வந்தா முதலீடு, ஊக்கம். பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தாளே அவளுக்கு வந்தா இனாம். ஒரே பால்தான், சொம்பு வேற.

அந்தப் பஸ்ஸுல வந்தவங்க எங்க போறாங்கன்னு எட்டிப் பாத்தயா? பாதிப் பேரு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போறவங்க. 2021 மே மாசம் அந்தக் காசில்லாத டிக்கெட்டு வந்துச்சு. அதுக்கு முன்னால போக வர பஸ்ஸுக்கே கூலியில ஒரு பங்கு போயிரும்னு ஊட்டுலயே பிசிறு வெட்டிக்கிட்டு இருந்தவ எல்லாம் இப்பக் கம்பெனிக்குப் போறா. கம்பெனிக்காரனுக்கு ஆள் ஊட்டு வாசல்ல இருந்து வந்து எறங்குது, பஸ் காசுக்குன்னு கூலி ஏத்திக் கேக்க அவளுக்கு வழியில்ல. இனாம் டிக்கெட்டு யாரு கையில இருக்குதுன்னு பாக்கறமே ஒழிய, யாரு மடியில போயி உழுகுதுன்னு பாக்கறதில்ல.

நான் பொறந்தது சொதந்தரம் வந்த மறு வருசம். 1956-ல காமராஜர் எட்டயபுரத்துல பள்ளிக்கொடத்துப் பசங்களுக்கு மதியச் சோறு ஆரம்பிச்சு வெச்சாரு. அது நம்மூருக்கு வந்து சேர்ந்தப்ப எனக்குப் பத்து வயசு. அது வரைக்கும் நான் எங்க மாமன் ஊட்டுச் செம்மறியாடு ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு ஆவன்னா மேல ஒரு ஆசையும் கெடையாது. பள்ளிக்கொடத்து வேலிக்கு அக்கட்டால ஆடு மேச்சா இக்கட்டால கொளம்பு கொதிக்கிற வாசம் வருது. ரெண்டு நாள் மோந்து பாத்தேன். மூணாம் நாள் ஆட்டைத் தம்பிகிட்ட உட்டுட்டு உள்ள போயி உக்காந்துட்டேன். சோத்துக்குப் போனவன் கைல எழுத்து ஒட்டிக்கிச்சு. இப்பப் பேப்பர் படிச்சு உன்னைக் கேள்வி கேக்கறது அந்தக் கொளம்புதான். இதை எந்தக் கணக்குல எழுதுவே? பசிச்சவனுக்குப் போட்ட சோறு, அதனால தருமக் கணக்கு. வராதவனை வரவெச்சது, அதனால ஊக்கக் கணக்கு. ரெண்டு நோட்டுலயும் எழுதலாம், ஒரே சட்டிதான்.

1982-ல எம்.ஜி.ஆர். அதையே சத்துணவுன்னு பெருசாக்குனப்ப உன்னையாட்டப் படிச்சவங்க நெம்பப் பேரு கையைப் பெசஞ்சாங்க. கஜானா காலியாகும், இது ஓட்டுக்குப் போடற சோறுன்னாங்க. ஓட்டுக்குந்தான் போட்டாரு, ஆரு இல்லைன்னா? ஆனாப் பையன் வகுத்துக்குப் போனது ஓட்டு இல்ல, சோறு. 2001-ல சுப்ரீம் கோர்ட்டே நாடு பூராவும் பள்ளிக்கொடத்துல சமைச்ச சோறு போடுங்கன்னு சொல்லிப்போட்டுது. 2022-ல இருந்து இங்க காத்தால பலகாரமும் போடறாங்க. எல்லா வாக்குறுதியும் இப்பிடிப் பலிச்சுதுன்னும் சொல்ல மாட்டேன். 1967 எலெக்சன்ல ரூவாய்க்கு மூணு படி அரிசின்னு ஊரு ஊராச் சொன்னாங்க. பொறகு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னாங்க. அந்த ஒரு படியும் மெட்ராசு, கோயமுத்தூருன்னு டவுன்காரங்க படியிலதான் உழுந்துச்சு. நம்மூருக்கு லட்சியம் மட்டும் வந்துச்சு.

காட்டு வேலைக்கு ஆளில்லைங்கறயே, அதுக்கு வர்றேன். நூறு நாள் வேலை நம்ம பக்கம் வந்தது 2008-ல. நானும் அன்னைக்கு உன்னையாட்டத்தான் குதிச்சேன். வேப்ப மரத்தடியில உக்காந்து வெத்தலை போடறதுக்குக் கூலியான்னு கேட்டேன். அதுக்கு முன்னால நம்ம காட்டுல கடலைக் கொடி புடுங்கற பொம்பளைகளுக்கு நான் என்ன குடுத்தேன்னு உங்க அப்பத்தாகிட்டக் கேளு. வேண்டாம், கேக்காதே. நாலு நாளைக்குச் சோறு போட மாட்டா. அந்த வேலை வந்த பொறகு அவங்க என்ற முன்னால நிமுந்து நின்னு, "கவுண்டரே, அங்க இத்தனை தர்றாங்க, நீங்க எத்தனை தர்றீங்க?"ன்னு கேட்டாங்க. 2025-26-ல அந்தக் கூலி நாளைக்கு 336 ரூவா ஆச்சு. ஆள் கெடைக்கலைன்னு நாஞ் சொல்றது பாதிப் பேச்சு சாமி. நான் குடுக்கற கூலிக்கு ஆள் கெடைக்கலைங்கறதுதான் முழுப் பேச்சு. அந்தப் பின்பாதி எனக்கு மட்டுமில்ல, திருப்பூருல ஒருத்தருக்கும் வாயில வராது.

இருந்தாலும் மரத்தடி வெத்தலையும் நெசந்தான். ஒரே குட்டையை வருசா வருசம் வெட்டுனாங்க. கரையில போட்ட மண்ணு மழைக்கு உள்ள போகும், மறு வருசம் அதையே எடுத்துக் கரையில போடுவாங்க. வேலை செய்யறவளுக்கே அது வெக்கமா இருந்துச்சு. ஒரு பொம்பளை என்னைப் பாத்து, "கோழி சீக்கறதாட்டச் சீச்சுக்கிட்டு இருக்கறமுங்க"ன்னா. பொறகு 2024 ஆகஸ்டுல அத்திக்கடவு அவினாசித் தண்ணி வந்துச்சு பாரு, 1,916 கோடி ரூவாயில 1,045 குளம் குட்டைக்குப் பவானித் தண்ணி. நம்ம குட்டைக்கும் கொழாய்த் தண்ணி வந்து உழுந்த அன்னைக்கு, முதல்ல ஓடிப் போயி நின்னது அந்தச் சீச்ச பொம்பளைகதான். "நாங்க வெட்டுன குட்டை"ன்னாங்க. அதுக்கு முன்னால ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்ல. வெட்டறதுக்குக் கூலி ஒருத்தன் குடுத்தான், தண்ணி இன்னொருத்தன் குடுத்தான். இதை முன்னாலயே ஒண்ணாக் கோக்க ஒரு ஆளில்லாமப் போச்சு, அவ்வளவுதான்.

2025 டிசம்பர்ல அந்த நூறு நாள் வேலைச் சட்டத்தையே மாத்தி 125 நாள்னு ஆக்கிப்போட்டாங்க. அறுவடை வெதைப்பு மும்முரத்துல 60 நாள் நிறுத்தி வெச்சுக்கலாங்கறாங்க. என்னையாட்டத் தோட்டக்காரனுக்கு இது காதுல தேன். ஆனாச் செலவுல பத்துக்கு நாலு மாநிலம் போடோணும். பந்திக்கு வாங்கன்னு டெல்லில கூப்புட்டுப்போட்டு, எலைக்கு நாலு ரூவா தம்பிகிட்ட வாங்கிக்கங்கங்கற மாதிரி இருக்குது. தம்பி எந்த ஊட்டுல எந்த மூட்ல இருக்கறாரோ, சாப்படறவன் பாடு.

மோரைக் குடி. இனி நாஞ் சொல்லப்போறது என்ற குத்தம். இதைக் கேட்டா உனக்குக் குசி வந்துரும், அதுக்குத்தான் கடைசில வெச்சிருந்தேன்.

நான் எளந்தாரியா இருந்தப்ப கவலை ஓட்டித்தான் தண்ணி எறைச்சோம். கெணறு அறுவது அடி. ரெண்டு காளையப் பூட்டி முன்னயும் பின்னயும் நடத்தோணும். மாடு நொரை தள்ளுச்சுன்னா எங்கொப்பன் நிறுத்தீருவாரு. அன்னைக்குத் தண்ணி அவ்வளவுதான். இப்ப யோசிச்சா அந்த மாடுதான் மீட்டரு. பொறகு கரண்ட்டு மோட்டார் வந்துச்சு. 1970-ல யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தறதுன்னு கெளம்புன சண்டை. அந்த ஜூன் 19-ம் தேதி இதே பெருமாநல்லூருல, நீ இன்னைக்கு பஸ்ஸுக்குப் பொறத்தால ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தயே அங்கதான், போலீசு சுட்டு மூணு வெவசாயிக செத்துப்போனாங்க. எனக்கு இருவத்திரெண்டு வயசு. ரெண்டு வருசம் கழிச்சு வெவசாயிக சங்கத்து நாராயணசாமி நாயுடு கோயமுத்தூரு ரோடெல்லாம் மாட்டு வண்டியக் கொண்டுபோயி நிறுத்துனாரு. நானும் நம்ம வண்டியோட போனேன். 1984-ல சிறு வெவசாயிக்கு எம்.ஜி.ஆர். கரண்ட்டை இனாமாக்குனாரு. பொறகு கருணாநிதி எல்லாருக்கும்னு ஆக்குனாரு. ஆக, நம்ம தோட்டத்துக் கரண்ட்டு சும்மா வந்ததில்ல. அதுக்கு ரத்தத்துல பில்லு கட்டியிருக்குது.

அது வரைக்கும் நான் நல்லவன். பொறகென்ன செஞ்சேன்? கரண்ட்டு எப்ப வந்தாலும் மோட்டார் தானா ஓடட்டும்னு ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டுனேன். நான் நோம்பிக்குப் போனாலும் ஓடும், தூங்குனாலும் ஓடும், மழை பேஞ்சாலும் ஓடும். வாய்க்கால் நெறஞ்சு ரோட்டுல போகும். கேட்டா, "கரண்ட்டு இனாந்தானே"ம்பேன். நொரை தள்ற மாடு ஒண்ணு எடைல இல்லாமப் போச்சு பாரு. அறுவது அடிக் கெணறு வத்துச்சு. 300 அடிக்குப் போர் போட்டேன், பக்கத்துத் தோட்டத்துக்காரன் 500 போட்டான். நான் 800 போட்டேன். இப்ப 1,000 அடிக்குக் கீழ கல்லுல புழுதி வருது. போர் வண்டிக்காரனுக்கு நாங் குடுத்த காசைக் கூட்டிப் பாத்தா, கரண்ட்டுக்கு ஒழுங்கா ஒரு பைசா ரெண்டு பைசா கட்டியிருந்தாலே அதை உட மலிவா முடிஞ்சிருக்கும். இனாம் கரண்ட்டை வாங்கிக்கிட்டு, தண்ணியை நான் இனாமாக் குடுத்துப்போட்டேன்.

பாத்தயா, சிரிக்கறே! "அதைத்தானுங்க நானும் சொன்னேன்"ங்கறே. அவசரப்படாதே. அப்ப நிறுத்திப்போடலாமா? 2003-ல ஜெயலலிதா அந்த இனாமை நிறுத்திப் பாத்தாங்க. மறு வருசம் பார்லிமெண்டு எலெக்சன்ல இந்த மாநிலத்துல 39 தொகுதி. முப்பத்தொம்பதும் போச்சு. முடிவு வந்த கையோட கரண்ட்டு மறுபடியும் இனாம். அதுல இருந்து அந்த ஒயரை ஒரு முதலமைச்சரும் தொட்டதில்ல, ஷாக்கடிக்கும்னு தெரியும்.

பஞ்சாபுல 2018-ல ஒரு சோதனை பண்ணுனாங்க. இனாமை எடுக்கல. தோட்டத்துக்கு இத்தன யூனிட்டுன்னு ஒரு அளவு வெச்சாங்க, மீட்டர் மாட்டுனாங்க. அளவுக்கு உள்ள நீ மிச்சம் புடிச்சா, மிச்சத்துக்கு யூனிட்டுக்கு 4 ரூவா உன்ற பேங்குல போடறோம்னாங்க. எவன் ரோசிச்சானோ, அவன் கவலை ஓட்டுனவன் பேரனா இருக்கோணும். மாட்டைத் திருப்பிக் கொண்டாந்துட்டான் பாரு! மோட்டாரை நிறுத்துனாக் காசுன்னா, நடுராத்திரி எந்திரிச்சுப் போயி நிறுத்தற முதல் ஆளு நாந்தான். மீட்டர் மாட்ட வந்தா முதல்ல கட்டையத் தூக்கற ஆளும் நாந்தான், அதையும் மறைக்கல. இனாமைப் புடுங்கத்தான் வர்றாங்கன்னுதான் எனக்குத் தோணும். ஒரு பைசாவுக்கு மூணு உசுரு போனதைப் பாத்தவனுக்கு வேற எப்பிடித் தோணும்? ஆக மீட்டர் மாட்டறதுக்கு முன்னால காசைக் கண்ணுல காட்டோணும்.

இனி உன்ற பக்கத்துக்கு வா. தொழிலுக்குப் போடோணுங்கறயே, போடாமயா இருக்கறாங்க? 2019 செப்டம்பர்ல ஒரு நாள், கம்பெனி வரியை 30-ல இருந்து 22 ஆக்கிப்போட்டாங்க. புதுசா பேக்டரி போட்டா 15-ன்னாங்க. இதனால வருசத்துக்கு 1,45,000 கோடி வரவு கொறையும்னு அவங்களே சொன்னாங்க. நீ நூறு நாள் நூறு நாள்னு கரிச்சுக் கொட்டறயே, அதுக்கு 2025-26-ல நாடு பூராத்துக்கும் எடுத்து வெச்சது 86,000 கோடி. அந்த வரி கொறைச்ச ராத்திரி டிவில ஒருத்தனும் இனாம்னு சொல்லல. எந்த ரெவின்யூ ஆபீசு ஆர்.ஐ.யும் கம்பெனி வாசல்ல போயி நின்னு, "உங்க ஊட்டுல கார் இருக்குதுங்களா?"ன்னு எட்டிப் பாக்கல.

எல்லாத்தையும் பழிக்கவும் மாட்டேன். 2020-ல இருந்து செல்போனு, மருந்துன்னு 14 தொழிலுக்கு 1,97,000 கோடி வரைக்கும் தர்றோம்னாங்க பாரு, அதுல ஒரு ஞாயம் இருக்குது. பொருளைச் செஞ்சு வித்துக் காட்டுனாத்தான் காசு. முதல்ல நொரை, பொறகு புண்ணாக்கு. அதே கையிதான் குஜராத்துச் சானந்துல வேற மாதிரி அள்ளிப் போட்டுது. மைக்ரான்னு ஒரு அமெரிக்காக்காரன் சிப்பு பேக்டரிக்கு 275 கோடி டாலர் செலவு. அதுல பாதி டெல்லி, அஞ்சுல ஒரு பங்கு குஜராத்து. அவன் கைக்காசு நூத்துக்கு முப்பதுதான். நம்ம பக்கத்துல தலைச்சன் மாப்பிள்ளைக்குக்கூட இப்பிடிச் சீர் செய்யறதில்ல! சிப்பு வேணும், நாளைக்குச் சண்டைன்னு வந்தா வெளிநாட்டுக்காரன் கையை விரிச்சுப்போடுவான்கறே. ஒத்துக்கறேன், அது நாட்டுக் காரியம். செய்யட்டும். உங்க அப்பத்தா ரேசன் கடையில கட்டை வெரலு ஆறு தடவை வெச்சும் மிசினு ஒத்துக்கலைன்னு திரும்பி வந்தாளே, அந்த மிசினை ஒரு நாளைக்குச் சானந்துக்கும் கொண்டுபோயி வெச்சுப் பாக்கட்டும்ங்கறேன்.

பேங்குக கதை இன்னும் ருசி. 2014-15-ல இருந்து ஒம்பது வருசத்துல 14,56,000 கோடிக் கடனைக் கணக்குல இருந்து எடுத்து வெச்சாங்க. "அது தள்ளுபடி இல்லீங்க அப்பாரு, தள்ளி வெக்கறது. வசூல் நடக்கும்"னு வாயெடுக்கறே. எடுக்காதே, எனக்குத் தெரியும். என்ற கடனுன்னா தள்ளுபடி, அவன் கடனுன்னா தள்ளி வெக்கறது. ஜப்தி நோட்டீசு எந்த ஊட்டுக் கதவுல ஒட்டியிருக்குதுன்னு மட்டும் வர்ற வழியில பாத்துக்கிட்டே வா.

இதுலயும் நம்மூருக் கதை ஒண்ணு இருக்குது, உனக்கு நெனப்பிருக்காது. நாட்டுக்கு டாலர் வருதுன்னு சாயப்பட்டறைக்காரங்களைத் தலைமேல தூக்கி வெச்சாங்க. டாலரும் வந்துச்சு, பொய்யில்ல. சாயத்தண்ணி நொய்யல்ல போச்சு. வெவசாயத்துக்குன்னு ஒரத்துப்பாளையத்துல அணை கட்டி 1992-ல தெறந்தாங்க. நாலஞ்சு வருசத்துல அது சாயத் தொட்டி. அணைத் தண்ணியத் தயவு செஞ்சு எங்களுக்குத் தெறந்து உட்றாதீங்கன்னு பாசனக்காரனே கும்புட்ட அதிசயத்தை வேற எந்தச் சீமையிலயாச்சும் கேட்டிருக்கறயா? 2011 ஜனவரில ஐகோர்ட்டு அத்தனை பட்டறையையும் மூடுன்னுச்சு. ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. பொறகு ஒரு சொட்டும் வெளிய உடக்கூடாதுன்னு சுத்திகரிப்பு வெச்சாங்க, அதுக்குக் கவருமெண்டு வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. இப்ப அதே கம்பெனிக, "நாங்க தண்ணியக் கெடுக்காமச் சாயம் போடறோம்"னு வெளிநாட்டுக்காரன்கிட்டப் பெருமை பேசி ஆர்டர் வாங்கறாங்க. இதை 1992-லயே செஞ்சிருந்தா ஆறும் இருந்திருக்கும், டாலரும் வந்திருக்கும். மூக்கணாங்கவுறு போடாம ஓட்டுன வண்டி, அவ்வளவுதான்.

ராணுவத்துக்கு வர்றேன், அதை மறந்துட்டேன்னு நெனைக்காதே. சூலூருல இருந்து ஏரோப்ளேன் பறக்கறப்ப எனக்கும் கழுத்து நோவற வரைக்கும் அண்ணாந்து பாக்கத் தோணும். 2025-26-ல ராணுவத்துக்கு 6,81,000 கோடிக்கு மேல வெச்சிருக்கறாங்க. வெக்கட்டும், எல்லையில நிக்கறவனுக்குக் கொறை வெக்கக்கூடாது. 1962-ல சீனாச் சண்டைக்கு எங்காத்தா காதுல கெடந்த ஒரே தோட்டைக் கழட்டிக் குடுத்தா. 1965-ல பாகிஸ்தான் சண்டை, கூடவே பஞ்சம். பிரதமர் சாஸ்திரி, வாரா வாரம் திங்கக்கெழமை ராத்திரிச் சாப்பாட்டை உட்டுக் குடுங்கன்னு கேட்டாரு. நல்ல மனுசன், அவர் ஊட்டுலயே முதல்ல செஞ்சு பாத்துட்டுத்தான் கேட்டாருன்னு சொல்லுவாங்க. எங்காத்தா களி கிண்டிக்கிட்டு இருந்தா. நான் பேப்பரைப் படிச்சுக் காட்டுனேன். "ஒரு திங்கக்கெழமை போதுமாமா? அவருக்கு யாராச்சும் எழுதிப் போடுங்கடா, நாம செவ்வாய், பொதனையும் சேத்து ரெண்டு வருசமாக் குடுத்துக்கிட்டு இருக்கறோம்"னா. சொல்லிப்போட்டு அந்தத் திங்கக்கெழமை களியையும் கிண்டல. நாடுன்னா அப்பிடி ஒரு பைத்தியம் அவளுக்கு.

நம்மூருல இருந்து பட்டாளத்துக்குப் போன பசங்களை எண்ணிப் பாரு. அத்தனையும் சத்துணவுத் தட்டு ஏந்துன பசங்க. கான்வெண்டுல படிச்சவன் ஒருத்தன் போயிருக்கறானா? நீ போனயா? அந்தச் சத்துணவு முட்டையை ராணுவக் கணக்குல எழுதறதா, இனாம் கணக்குல எழுதறதான்னு பட்ஜெட்டு போடறவங்களைக் கேட்டுச் சொல்லு.

அப்பத்தா ஆயரம் ரூவாயை என்ன செய்யறான்னு கேக்கறயா? 2023 செப்டம்பர்ல இருந்து வருது. முதல் மாசம் நான், "பேக்கரிக்கு ஒரு நூறு குடு"ன்னு கேட்டேன். "மாசம் ரெண்டு வட்டி, சம்மதமா?"ன்னா. அம்பது வருசம் என்ற மடியில காசு இருந்துச்சு, நான் அவளுக்கு வட்டிக்குக் குடுத்ததில்ல. குடுத்ததே இல்லைங்கறது வேற. சீட்டுப் போட்டா, வெள்ளாடு ரெண்டு வாங்குனா, இப்ப ஆறு நிக்குது. முருங்கைக் கீரையைக் கட்டிக்கிட்டுக் காசில்லாத பஸ்ஸுல அவினாசிச் சந்தைக்குப் போறா. கண்டக்டரு மொனகுவான். அவளும் திருப்பி மொனகுவா. இவ சோம்பேறியாகறாளான்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கறேன், ஒரு நாளாச்சும் உக்காந்து எனக்குக் காலமுக்கி உட மாட்டாளான்னு. நடக்கல. எதுத்த ஊட்டுக்காரன் பொண்டாட்டி வாங்கறது மட்டும் அன்னைக்குச் சாயங்காலமே டாஸ்மாக்குக்குப் போயிருது. கவருமெண்டு வலது கையில குடுத்து எடது கையில வாங்கிக்குது. அதுக்கு அவளைத் திட்டி என்ன புண்ணியம்?

கார் வெச்சிருக்கறவங்ககூட வாங்கறாங்கன்னயே, அது தப்புத்தான். நாலு சக்கர வண்டி இருந்தாக் கெடையாதுன்னு சட்டமே இருக்குது. ஏமாத்தறாங்க சாமி, ஊரு கெட்டுப் போச்சு. உங்கொப்பன் ரெண்டு வருசத்துக்கு முன்னால, "ஐயா, நாங்க தனி ரேசன் கார்டு போட்டுக்கறமுங்க"ன்னு வந்து நின்னான். நான் என்னமோ பாகம் பிரிக்கத்தான் கேக்கறான்னு பயந்துட்டேன். ஒரு கார்டுக்கு ஒரு பொம்பளைக்குத்தான் ஆயரமாம், உங்கம்மா கணக்குப் போட்டிருக்கறா. போன மாசம் மனு குடுத்தா. ஆர்.ஐ. இன்னைக்குப் பத்து மணிக்கு விசாரணைக்கு வர்றாரு. உன்ற பேரு இன்னும் அந்தக் கார்டுலதான் இருக்குது. எடுத்தா அரிசி கொறையும்னு உங்கம்மா எடுக்க உடல.

மணி என்ன ஆச்சு? ஒம்பதே முக்காலா? எந்திரி, எந்திரி. மோரைப் பொறகு குடிக்கலாம். காரைப் பின்னால எடுத்து அந்தப் புளியமரத்துக்கு அக்கட்டால நிறுத்திப்போட்டு வா. தட்டுப்போர் மறைக்குதான்னு இந்தால இருந்து பாத்துக்க. அவரு வந்து நீ யாருன்னு கேட்டா, ஒறம்பரைன்னு சொல்லு.